சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்': ஆண்டு, ரிடிம், தட்டு, காசு. சில சந்தேகங்கள்

தட்டுச்சுழலி:

ஜமைக்காப் பாடகி சிஸ்டர் நான்சியின் பதிவுகளை மட்டும் வைத்து இரண்டு மணி நேரக் கேட்பு நிகழ்ச்சி ஒன்றுக்குப் பட்டியல் போட வேண்டும். ஜமைக்கா டான்ஸ்ஹாலில் (ரெகேயிலிருந்து கிளைத்த ஆட்ட இசை) ஊறியவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன்.

'பாம் பாம்' பாட்டுக்கு ஒரு தளத்தில் 1982 என்று இருக்கிறது, இன்னொன்றில் பல வருடம் தள்ளி, வேறொன்றில் 2000க்கும் பிறகு. எதை எழுதுவது? அதே தலைப்பில் மேய்ட்டல்ஸ், யெல்லோமேன், ப்ளையர்ஸ் பெயர்களிலும் பாட்டுகள் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே பாட்டா? போதாக்குறைக்கு டெனர் சாவின் 'ரிங் தி அலார்ம்' கேட்டால் பின்னணி அப்படியே 'பாம் பாம்' போல இருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தது?

ஆல்பம் என்று தேடினால் இரண்டு மூன்றுக்கு மேல் தேறவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகப் பாடுகிறவருக்கு இவ்வளவுதானா, அல்லது தேடும் இடம் தப்பா?

இசைத்தட்டாக வாங்கினால் 7 அங்குலமா, எல்பியா (முழு ஆல்பமும் இருக்கும் பெரிய தட்டு)? கடைசியாக ஒன்று: இந்தப் பாட்டுக்கு அவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் காசே வரவில்லை என்கிறார்கள். தட்டில் அவர் பெயர்தானே இருக்கிறது, அப்புறம் எப்படி?

பி_பக்கம்:

1982 என்று எழுதுங்கள். 'ஒன் டூ' ஆல்பம் வந்த ஆண்டு அதுதான். தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி, லேபிள் அவருடைய டெக்னிக்ஸ். ஆல்பத்துக்கு இன்னும் ஒரு பாட்டு குறைகிறது என்று கடைசியில் போட்டு நிரப்பியதுதான் 'பாம் பாம்'. நான்சியே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். தலைப்புப் பாட்டு 'ஒன் டூ'. ஆல்பம் வந்தபோது எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான்.

மற்ற ஆண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்றால், தளங்கள் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கோப்பு எந்தத் தொகுப்பிலிருந்து ஏறியதோ அந்தத் தொகுப்பின் ஆண்டு. ஐஎஸ்ஆர்சி எண்ணை (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரும் அடையாளக் குறியீடு) பார்த்தும் ஏமாறாதீர்கள். 12 எழுத்துள்ள அந்தக் குறியீட்டில் நாட்டுக்கு 2, பதிவு செய்தவருக்கு 3, அடுத்த 2 இலக்கம் ஆண்டு, கடைசி 5 வரிசை எண். நடுவில் இருக்கும் ஆண்டு, எண் வழங்கிய ஆண்டுதான். 1982இல் பதிவான பாட்டுக்கு 2006இல் எண் வாங்கினால் '06' என்றுதான் இருக்கும். பழைய ஜமைக்கா பாட்டுகள் எல்லாவற்றுக்கும் இதே கதி.

இனி தலைப்புக் குழப்பம். முதல் 'பாம் பாம்' மேய்ட்டல்ஸ் குழுவுடையது. 1966இல் ஜமைக்காவின் விழாப் பாட்டுப் போட்டி தொடங்கியபோது அந்த முதல் போட்டியிலேயே வென்றது. 'பாம் பாம்' என்று திரும்பத் திரும்ப வரும் பல்லவி அங்கிருந்து வந்ததுதான். பிறகு அது ஊர்ச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. சவுண்ட் சிஸ்டத்தில் (ஆட்டத்துக்குத் தட்டுப் போடும் ஒலிபெருக்கிக் குழு) மைக் பிடித்த டீஜேக்கள் (இசைமேல் பேச்சுநடையில் பாடுகிறவர்கள்) எல்லாரும் ஒரு கட்டத்தில் அதைத் தொட்டிருப்பார்கள், யெல்லோமேனும் பாடினார். நான்சி எடுத்துக்கொண்டது அந்தப் பல்லவியை மட்டும். சரணங்கள், பேச்சுநடை, "இது பெண்பிள்ளைக்கு ஆகுமா" என்று கேட்பவர்களுக்குத் தரும் பதில் எல்லாம் அவருடையவை. ப்ளையர்ஸின் 'பாம் பாம்' 1992, ஸ்லை அண்ட் ராபி தயாரிப்பு. அதன் பின்னணி முற்றிலும் வேறு. அதே பின்னணியில்தான் 'மர்டர் ஷி ரோட்' வந்தது. ஆகவே தலைப்பை நம்பிப் பட்டியல் போட்டால் கவிழ்ந்துவிடும்.

'ரிங் தி அலார்ம்' விஷயத்துக்கு வருகிறேன். யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது 'ஸ்டாலாக் 17' என்ற ஒரே ரிடிம், அதாவது பல பாட்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் பின்னணி இசை. 1973இல் ஆன்செல் காலின்ஸ் பெயரில் ரைலியின் லேபிளில் வந்த வாத்திய இசை அது. பெயர் 1953இல் வந்த ஒரு போர்க்கைதிப் படத்திலிருந்து.

நம் ஊர் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாட்டின் தலையில் "இன்ன பாட்டு என்ற வர்ணமெட்டு" என்று போட்டிருப்பார்கள். மெட்டு ஒன்று, அதன்மேல் சாமி பாட்டு, கள்ளுக்கடைப் பாட்டு, தேசப் பாட்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ரிடிமும் அப்படித்தான், ஒரு வித்தியாசம் உண்டு. வர்ணமெட்டில் திரும்ப வருவது பாடும் மெட்டு. ரிடிமில் திரும்ப வருவது பாஸும் டிரம்மும். பாடும் மெட்டை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். பல நேரம் பழைய டேப்பையே எடுத்து, குரலை மட்டும் புதிதாக ஏற்றுவார்கள். ஜெனரல் எக்கோவின் 'ஆர்லீன்', நான்சியின் 'பாம் பாம்', 1985இல் டெனர் சாவின் 'ரிங் தி அலார்ம்': மூன்றும் ஸ்டாலாக், மூன்றும் ரைலி. வாத்தியக்காரர்களுக்குப் புதிதாகக் கூலி கொடுக்க வேண்டாம். டேப்பும் குரலும் ஒரு மதியமும் போதும். ரைலிக்கு இதில் கைராசி அதிகம்.

ஆகவே உங்கள் பட்டியலில் பாட்டு, ஆண்டு என்று இரண்டு பத்தி போதாது. ரிடிம், தயாரிப்பாளர், லேபிள் என்று மூன்று பத்தி சேருங்கள். டான்ஸ்ஹாலில் ஒருவரின் பதிவு வாழ்க்கையை ஆல்பக் கணக்கில் அளந்தால் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.

நான்சியின் பாதை சுருக்கமாக: இயற்பெயர் ஆஃப்லின் ரஸ்ஸல், கிங்ஸ்டனில் 1962இல் பிறந்தவர். அண்ணன் பிரிகேடியர் ஜெரி, ஜா லவ் சவுண்ட் சிஸ்டத்தின் பெரிய டீஜே. முதல் பதிவு 1980இல் ரைலிக்காகப் பாடிய 'பாப்பா டீன்'. 1982இல் 'ஒன் டூ'. 1983இல் யெல்லோமேன், பர்ப்பிள்மேன் இருவரோடும் சேர்ந்து 'தி யெல்லோ, தி பர்ப்பிள் அண்ட் தி நான்சி', லண்டன் கிரீன்ஸ்லீவ்ஸ் வெளியீடு. 1996இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து வங்கியில் கணக்கு வேலை. 2001இல் 'சிஸ்டர் நான்சி மீட்ஸ் ஃபயர்ப்ரூஃப்'. இடையில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து "பாடுவதை விட்டுவிட்டார்" என்று முடிவுகட்டாதீர்கள். மேடை தொடர்ந்தது, தனித்தனி 7 அங்குலத் தட்டுகளும் வந்தன.

இன்னொன்று, கேசட். அந்தக் காலத்து டீஜேவின் அசல் வேலை நடந்தது ஸ்டுடியோவில் அல்ல, ராத்திரி சவுண்ட் சிஸ்டத்தில். (நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சவுண்டுக்குப் பெயர், கொடி, ரசிகர் கூட்டம், சொந்த டீஜே எல்லாம் உண்டு.) மிக்ஸரிலிருந்து நேராக 60, 90 நிமிடக் கேசட்டில் பிடித்து, நகல் எடுத்து விற்பார்கள். அண்ணன் ஜெரி இந்த விஷயத்தில் தங்கையை மிஞ்சியவர். அவர் புகழ் முழுக்கக் கேசட்டில் இருக்கிறது, தட்டுகள் சொற்பம். நான்சியைச் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு மணியில் 20 நிமிடமாவது கேசட் பதிவுக்கு ஒதுக்குங்கள்.

கேசட் நகல்களில் வேகம் தவறியிருக்கும். திருத்த ஒரு வழி: டீஜேவுக்குப் பின்னால் ஓடும் ரிடிமின் தட்டை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுச் சுருதி சேருங்கள். அரைச் சுருதி ஏறியிருந்தால் டேப் ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். தட்டே தவறான வேகத்தில் ஓடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பேச்சுக்குரல் இயல்பாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

ஊசிமுனை:

தட்டு பற்றிய கேள்வி விட்டுப்போய்விட்டது. 'பாம் பாம்' ஒன்றுதான் வேண்டும் என்றால் 7 அங்குலம், நான்சி வேண்டும் என்றால் எல்பி. என் ஓட்டு எல்பிக்கு. 'டிரான்ஸ்போர்ட் கனெக்ஷன்', 'ஒன்லி வுமன் டிஜே வித் டிகிரி' இரண்டையும் கேட்காமல் நான்சியைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் 7 அங்குலத்தில் ஒரு லாபம் உண்டு: பி பக்கத்து 'வெர்ஷன்'. குரலை எடுத்துவிட்டு ரிடிமை மட்டும் ஓடவிடும் பக்கம். அரங்கில் பேசிக்கொண்டே விளக்கம் சொல்ல இதைவிடத் தோதான பொருள் கிடையாது.

ஜமைக்காவில் அழுத்திய 7 அங்குலத் தட்டுகளில் நடு ஓட்டை 38 மில்லிமீட்டர். எல்பியின் ஓட்டை 7 மில்லிமீட்டர்தான். அடாப்டர் இல்லாமல் மாட்ட முடியாது. மலிவான பிளாஸ்டிக் அடாப்டர் ஆடும், அலுமினியத்தில் வாங்குங்கள்.

அசலா மறுபதிப்பா என்று லேபிள் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே அச்சில் அழுத்திய தட்டுக்குக் கையில் கிடைத்த நிறத்தில் லேபிள் ஒட்டியிருப்பார்கள். எழுத்துப் பிழை, ஏ பக்க லேபிள் பி பக்கத்தில், லேபிளே இல்லாமல் வெற்றுக் காகிதம், எல்லாம் சகஜம். ஆண்டும் அச்சிடப்பட்டிருக்காது. பார்க்க வேண்டியது பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் கீறியிருக்கும் எழுத்துகளை. தயாரிப்பாளரின் முதலெழுத்துகளும் ஒரு எண்ணும் கையால் கீறியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விற்பவரிடம் இரண்டு பக்கத்துக் கீறலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். கீறல் ஒத்துப்போனாலும் காலம் உறுதியாகாது, அதே அச்சை வைத்துப் பத்து வருடம் கழித்தும் அழுத்தியிருக்கலாம். அப்போது சரிபார்க்க வேண்டியது லேபிள் காகிதம், முகவரி, பரப்பின் மினுமினுப்பு. "முதல் பதிப்பு" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. கேட்பதற்கு நல்ல மறுபதிப்பு போதும், பல நேரம் சத்தம் குறைவாகவும் இருக்கும்.

சத்தம் ஏன் அதிகம் என்றால், அங்கே பழைய தட்டுகளை உருக்கிய வினைல் கலந்து அழுத்துவதுண்டு. காகிதத் துணுக்கு உள்ளே மாட்டியிருந்தால் எவ்வளவு கழுவினாலும் அந்த 'டப்' போகாது. அழுக்கால் வரும் இரைச்சல் போகும். காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, அரை லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் இரண்டாம் முறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. எச்சரிக்கை ஒன்று: டப்பிளேட் (ஓரிரு பிரதி மட்டும் வெட்டும் தட்டு) என்று சொல்லி யாராவது அசிடேட் தட்டு (மெல்லிய அரக்குப் பூச்சுள்ளது) கொடுத்தால் இந்தக் கலவை அதன் பக்கம் போகவே கூடாது. ஆல்கஹால் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அசிடேட் சில டஜன் தடவை ஓட்டுவதற்குள்ளேயே தேயும் ஜாதி, வாங்கியதும் முதல் வேலையாகக் கோப்பாக்கிவிடுங்கள்.

நடு ஓட்டை விலகியிருப்பது இன்னொரு தலைவலி. தட்டு சுற்றச் சுற்ற ஊசிக் கை இடமும் வலமும் ஆடும், சுருதி அலையும். 45 வேகத்தில் 1.3 விநாடிக்கு ஒரு அலை, ஆர்கன் நீட்டி ஒலிக்கும் இடத்தில் பட்டென்று காதில் விழும். பெரிய ஓட்டைத் தட்டில் இதற்கு எளிய வைத்தியம் உண்டு. அடாப்டரை எடுத்துவிடுங்கள். தட்டை வெறுமனே வைத்து, ஓடவிட்டு, ஊசிக் கையின் ஆட்டத்தைப் பாருங்கள். கை வெளிப்புறமாக அதிகம் போகும் தருணத்தில் நிறுத்தி, எந்த ஓரம் ஊசிப் பக்கம் இருக்கிறதோ அந்த ஓரத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ளே தள்ளுங்கள். மூன்று நான்கு முறையில் அடங்கிவிடும்.

ஊசி: தேய்ந்த தட்டுக்கு 0.6 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூம்பு ஊசி போட்டுப் பாருங்கள். முந்தைய முதலாளி எந்த ஊசியால் தேய்த்தாரோ அந்த உயரத்தில்தான் பள்ளம் சிதைந்திருக்கும். வேறு வடிவ ஊசி சிதையாத இடத்தைத் தொட வாய்ப்பு உண்டு. ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தப்பு. எடை போதாவிட்டால் உரத்த பாஸில் ஊசி துள்ளிச் சுவரைக் கொத்தும். ஊசி தயாரித்த நிறுவனம் சொன்ன வரம்பின் மேல் பாதியில் வையுங்கள்.

தட்டுச்சுழலி:

இருவருக்கும் நன்றி. அரங்கம் ஒரு சாதாரண மண்டபம்தான், பெட்டி ஸ்பீக்கர் வாடகைக்கு வரும். தட்டை நேரடியாகப் போடலாமா, கோப்பாக்கிப் போடலாமா? முன்பே கோப்பாக்கிய இரண்டு பாட்டில் டிரம் சப்பென்று இருக்கிறது, தட்டில் அப்படி இல்லை. காசு விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

கிளிக் நீக்கும் மென்பொருளைத் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். டான்ஸ்ஹாலில் ஸ்னேர் டிரம்மின் விளிம்பைத் தட்டும் ஓசை கூர்மையாகவும் குறுகியதாகவும் இருக்கும், மென்பொருளுக்கு அது கீறல் மாதிரியே தெரியும். பத்து அடியில் ஆறு அடியை மழித்துவிடும். திரும்பப் பதியுங்கள்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். கீறல்களைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். 3 நிமிடப் பாட்டுக்கு அரை மணி ஆகும், வேறு வழியில்லை.

அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். இசை ஏறக்குறைய மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சினால் பதிவு மோனோ. அப்படியானால் தலைகீழாக்காமல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிவிடுங்கள். இசை அப்படியே நிற்கும், இரைச்சல் சுமார் 3 டெசிபல் இறங்கும். காசில்லாமல் கிடைக்கும் சுத்தம் இது.

மண்டபத்தில் தட்டு நேரடியாக வேண்டாம். பாஸ் ஏறியதும் மேடைப் பலகை அதிரும், ஊசி அதைப் பிடித்துத் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும், 'ம்ம்ம்' என்று ஊளையிடத் தொடங்கிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் டர்ன்டேபிளுக்கு அடியில் நடைபாதைக் கான்கிரீட் பலகை ஒன்று, அதன் கீழ் நான்கு ரப்பர் துண்டுகள், மேடையில் இல்லாமல் தரையில் மேசை. வாடகைப் பெட்டிகள் பேச்சுக்காகச் சரிசெய்தவை, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. ஸ்டாலாக் ரிடிமை அப்படிப் போட்டால் சாம்பாரில் பருப்பு இல்லாத கதை. 18 அங்குல சப் (பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) இரண்டு கேளுங்கள், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் பிரியுங்கள். கீழே 20 ஹெர்ட்ஸில் மட்டும் வடிகட்டி போடுங்கள். சவுண்ட்காரர் வழக்கம்போல நடுப்பகுதியை ஏற்றுவார், ஏற்ற விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

காசு விவகாரம். தட்டில் பெயர் இருப்பதற்கும் உரிமை இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை, அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று எழுத்தும் மெட்டும், இன்னொன்று ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு டேப்புக்கும் ஸ்டுடியோவுக்கும் பணம் போட்டவருக்கு, அதாவது தயாரிப்பாளருக்குப் போய்விடும். அந்த நாள் கிங்ஸ்டனில் குரல் கொடுத்தவருக்குக் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்புவது வழக்கம், ஒப்பந்தக் காகிதம் அபூர்வம். எழுத்துரிமை பாடகருக்கு வர வேண்டும், ஆனால் தானாக வராது. யார் பெயரில் பதிவானதோ அவருக்குத்தான் வரும். பதிவு செய்து வசூலிக்கும் உள்ளூர் அமைப்பும் அப்போது இல்லை. 1993 வரை ஜமைக்காவில் நடப்பிலிருந்தது பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். சொந்தச் சட்டம் 1993இல்தான் வந்தது, எழுத்தாளர்களுக்கான வசூல் அமைப்பு அதற்கும் பிறகு. 1982இல் பாடிய இருபது வயதுப் பெண்ணுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே இருந்திருக்காது.

'பாம் பாம்' மாதிரிப் பாட்டில் எழுத்துரிமையைப் பங்கு பிரிப்பதே ஒரு கணக்கு. உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறேன், நிஜப் பங்கு இது அல்ல. மொத்தம் 100. வரிகளுக்கு 50, இசைக்கு 50 என்று வையுங்கள். இசை ஸ்டாலாக் ரிடிம் என்றால் அந்த 50 நான்சிக்கு இல்லை. வரிகளில் பல்லவி மேய்ட்டல்ஸ் வழி வந்தது என்று வாதம் வந்தால் அதில் ஒரு துண்டு போகும். ஒலிப்பதிவு முழுக்கத் தயாரிப்பாளருடையது. ஊரே அடையாளம் காணும் குரல் அவருடையது, அந்தக் குரலுக்குக் காகிதத்தில் இடமே இல்லாமல் போகிறது. ரிடிம் முறையின் அழகும் அநியாயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இதற்கிடையில் பாட்டு உலகம் சுற்றியது. 1998இல் 'பெல்லி' படத்தில் வந்தது. அதே ஆண்டு லாரின் ஹில்லின் 'லாஸ்ட் ஒன்ஸ்' அதன் சாயலை எடுத்துக்கொண்டது. 2016இல் கன்யே வெஸ்டின் 'ஃபேமஸ்', 2017இல் டேமியன் மார்லியோடு ஜே-ஸி செய்த 'பாம்'. இந்த இடத்தில் ஒரு வித்தியாசம் பட்டியல் போடுபவருக்கு உதவும். ஒரிஜினல் பதிவிலிருந்தே ஒலியை வெட்டி ஒட்டினால் இரண்டு சொத்துக்காரர்களிடமும் அனுமதி வேண்டும். அதே மெட்டை வேறொருவர் புதிதாகப் பாடினால் எழுத்துரிமைக்காரரிடம் மட்டும் போதும். 'ஃபேமஸ்' முதல் வகை, காதால் கேட்டாலே நான்சியின் குரல் என்று தெரியும்.

திருப்பம் 2014இல். ஒரு ஷூ விளம்பரத்தில் பாட்டு வந்ததைப் பார்த்துத்தான் அவர் சட்ட வழியில் இறங்கினார். ரைலி 2012 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். முடிவில் நான்சிக்குக் கிடைத்தது பின்னோக்கி 10 ஆண்டுகளுக்கான தொகையும் 'ஒன் டூ' ஆல்ப உரிமையில் 50 சதவீதமும். "32 வருடத்தில் 10 வருடத்துக்குத்தானா" என்று தோன்றும். அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை மீறலுக்கு வழக்குப் போடும் கெடு 3 ஆண்டு. அப்படியிருக்க 10 வாங்கியது கெட்டிக்காரத்தனம். அதைவிடப் பெரியது அந்த 50 சதவீதம், 2016, 2017 பாட்டுகள் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பொது இடத்தில் ஒலிபரப்ப உரிமம் தேவையா என்று மண்டபத்தாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் கொடுக்கச் சொன்னால் பாட்டுப் பெயரோடு எழுதியவர் பெயர், லேபிள் இரண்டையும் எழுதுங்கள். 'பாம் பாம்' என்று மட்டும் எழுதினால் காசு ப்ளையர்ஸ் கணக்கில் போய் விழுந்தாலும் கேட்பாரில்லை.

பி_பக்கம்:

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ரிடிம் முறையை அநியாயம் என்று ஒரே அடியாக அடித்துவிட முடியாது. அந்த முறை இல்லையென்றால் ஆல்பத்தை நிரப்ப ஒரு மதியத்தில் பாடிய பாட்டே பிறந்திருக்காது. புது இசைக்குப் பணம் போட ரைலிக்கு என்ன தலையெழுத்து? ஒப்பந்தம் இல்லாததுதான் கோளாறு.

அரங்கில் "முதல் பெண் டீஜே" என்று அறிமுகப்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். கவனம். தட்டில் டீஜே பாணியில் பேசிய பெண்கள் அவருக்கு முன்பே உண்டு. ஆல்தியா அண்ட் டோனா 1977இல் செய்த 'அப்டவுன் டாப் ராங்கிங்' 1978இல் பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது, அதுவும் ஒரு பழைய ரிடிம்மேல் ஏறியதுதான். ஆனால் அவர்கள் சவுண்ட் சிஸ்டத்தில் ராத்திரி ராத்திரியாக ஆண் டீஜேக்களோடு மைக்குக்கு மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள் அல்லர். நான்சி அப்படி வளர்ந்தவர். "சவுண்ட் சிஸ்டத்திலிருந்து எழுந்து நின்ற முதல் பெரிய பெண் டீஜே" என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். டீஜே என்றால் அங்கே பாடுகிறவர், தட்டுப் போடுகிறவர் செலக்டர். இதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் தவறாகவே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வரிசைக்கு ஒரு யோசனை. 'பாம் பாம்' பாட்டை முதலில் போடாதீர்கள், கடைசிக்கும் ஒளித்துவைக்காதீர்கள். 'பாப்பா டீன்' முதலில். பிறகு 'ஒன் டூ' எல்பியின் ஒரு பக்கம் முழுதாக. அப்புறம் வெறும் 'ஸ்டாலாக் 17' வாத்தியம். கூட்டம் இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று முணுமுணுக்கும்போது 'ஆர்லீன்', 'பாம் பாம்', 'ரிங் தி அலார்ம்' மூன்றையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து. மூன்றின் வேகமும் துல்லியமாக ஒன்றாக இருக்காது, பிட்ச் கட்டுப்பாட்டில் 1, 2 சதவீதம் நகர்த்தினால் சேர்ந்துவிடும். இரண்டாம் மணியில் 1983 ஆல்பம், கேசட், 2001, அதன் பிறகு 'ஃபேமஸ்' பாட்டின் கடைசிப் பகுதி.

தட்டுச்சுழலி:

'ஆர்லீன்' தட்டு கையில் இல்லை. ஸ்டாலாக் பாட்டுகளை மட்டும் சேர்த்து ஏதாவது தொகுப்பு உண்டா?

பி_பக்கம்:

உண்டு. ரைலியே 'ஸ்டாலாக் 17, 18 அண்ட் 19' என்று டெக்னிக்ஸில் ஒரு எல்பி போட்டார், முழுக்க இந்த ஒரே ரிடிம். பதிப்புக்குப் பதிப்பு பின் அட்டையைச் சரிபாருங்கள், உங்களுக்கு வேண்டிய பாட்டு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஒரே ரிடிமில் முழு ஆல்பம் போடும் பழக்கம் ரூபி எட்வர்ட்ஸ் 1974இல் 'யமஹா ஸ்கேங்க்' மூலம் தொடங்கியது. அதையும் வாங்கிவிடாதீர்கள், அது வேறு ரிடிம்.